கை எட்டும் தூரத்தில் சுவிட்ச்

எனக்கு இதுவரை ஜலதோஷம்கூடப் பிடித்ததில்லை. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக விசில் ஊதியே ஓய்வு பெற்றவன் நான். நீங்களோ ஒரு மாடி ஏறியதற்கே மூச்சு வாங்குகிறீர்கள், இன்ஸ்பெக்டர். முதலில் தொப்பையைக் குறையுங்கள்.

என் மனைவிக்கு நுரையீரலும் பழுது, இதயமும் பலவீனம். அதை நான் மறுக்கவில்லை. ஆக்சிஜன் மெஷின் வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்ததே நான்தான். ஆனால் டாக்டரம்மா அதோடு விடவில்லை. வருஷக்கணக்காக மூச்சுக்குத் திண்டாடுகிறவர்களுக்கு மனமும் சோர்ந்துபோகும், அதுவும் நோய்தான் என்று சொல்லி ஒரு குட்டி மாத்திரை எழுதினார். மனசுக்கு மாத்திரையாம். வாங்கிவந்து வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அதற்குப் பதில் சத்து மாத்திரை கொடுத்தேன். வித்தியாசம் தெரியாமல் விழுங்கினாள்.

தலை வாருவதை விட்டாள். அவள் தங்கை போன் செய்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னாள். ஒருநாள், "மனசே சரியில்லைங்க. எதுவுமே வேணாம்னு இருக்கு" என்றாள்.

"மைதானத்துல வெயில்ல நின்னு பாரு, எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

அதற்குப் பிறகு மனசு என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. "மூச்சு முட்டுதுங்க" என்று மாற்றிக்கொண்டாள். அப்படிச் சொன்னால்தான் நான் எழுந்து வருவேன் என்று கண்டுபிடித்திருந்தாள். வந்து விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கும். ஓட்டப்பந்தயத்தன்று வயிற்றுவலி என்று வந்து நிற்கும் பிள்ளைகளை நான் பார்க்காததா?

அன்று மதியமும் அதையேதான் சொன்னாள். உதடு நீலமாகத்தான் இருந்தது. கருவியை நான் தேடவில்லை. மெஷினை நிறுத்தினேன்.

"வேணும்னா நீயே போட்டுக்க" என்றேன்.

கை எட்டும் தூரத்தில்தான் சுவிட்ச். அவள் அதைப் பார்க்கவில்லை, என்னிடமும் கெஞ்சவில்லை. லீவு கிடைத்ததுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூச்சு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மனச்சோர்வு என்று மட்டும் எதையும் எழுதிவிடாதீர்கள். அப்படி ஒன்றும் அவளுக்குக் கிடையாது. கையை நீட்டத்தான் அவளுக்கு மனமில்லை.