‘சொல்லுங்க பாப்போம்’ திருநாவுக்கரசு அவர்கள் ஓய்வுபெறும் நாளில் வாசித்தளித்த மடல்

மாட்சிமை மிக்கீர்! மும்மொழி வித்தகரே! பிணியாளர்க்கு வாயாகவும் மருத்துவர்க்குச் செவியாகவும் இருபத்தெட்டு ஆண்டுகள் இலங்கிய மொழிபெயர்ப்பாளர் திருநாவுக்கரசு அவர்களே! வணக்கம்.

இவ்விளிகள் மட்டுமே முதலில் ஒன்றரைப் பக்கம் இருந்தன. அவை இளைத்த கதை கீழே வருகிறது.

1906-இல் தாங்கள் பினாங்கில் நமது மருத்துவமனைக்கு வந்தபோது, தங்கள் தலைப்பாகையைப் போலவே தமிழும் கஞ்சியிட்டு விறைப்பாக இருந்ததென்பர் மூத்தோர். “வயித்தக் கடுக்குதுங்க” என்று ஒருவர் அழுதால், “உதரத்தில் நோவோ?” என்று வினவுவீர்கள். புதிதாக வேறொரு நோயும் கண்டுவிட்டதென்று அவர் மேலும் அழுவார்.

1919-இல், சூலியா தெரு ரொட்டிக்கடைக்காரர் பஷீரின் மனைவி நூர் பீவிக்கு வயிற்றில் அறுவை. துரை டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு வரியில் சொன்னதைத் தாங்கள், “வைகறை தொட்டுச் சிகிச்சை நிறைவுறுங்காறும் யாதொரு போசனமும் பானமும் உட்கொள்ளாதிருத்தல் இன்றியமையாதது” என்று முழங்கினீர்கள். “சரிங்கய்யா” என்றார் நூர் பீவி. வார்டே வியந்தது.

மறுநாள் அவர் அறுவை மேசைமேல் கிடந்தார். மயக்கமருந்து ஆயத்தமாக இருந்தது. தாங்கள் குனிந்து, “பயமா இருக்காம்மா?” என்றீர்கள். தாங்கள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். முன்னர் நிகழ்த்தியவை சொற்பொழிவுகள்.

“பயமெல்லாம் இல்லலா அண்ணே. வயிறு நெறைஞ்சிருக்கு. ரெண்டு ரொட்டியும் மீன் கறியும் அவரு ஊட்டிட்டுத்தான் போனாரு.”

“நேத்துச் சொன்னேனேம்மா!”

“சொன்னீங்க. பாட்டு மாதிரி இருந்துச்சு. வெளங்கல. திருப்பிக் கேட்டா மரியாதையா இருக்காதேன்னு தலைய ஆட்டிட்டேன்.”

உண்ட வயிற்றோடு மயங்கினால் மூச்சடைத்து உயிர் போகலாம். உண்மையைச் சொன்னால் தங்கள் வேலை போகலாம். தாங்கள் தயங்கவில்லை. “நிறுத்துங்கள், பிழை என்னுடையது” என்று துரையிடம் சொன்னீர்கள். அறுவை இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. தாங்கள் ஓராண்டு மருந்துப்புட்டி கழுவும் அறைக்குப் போனீர்கள்.

அங்கிருந்து திரும்பியவர் வேறொருவர். எந்த நோயாளியிடம் எதைச் சொன்னாலும், “நான் சொன்னத இப்ப நீங்க சொல்லுங்க பாப்போம்” என்று கேட்காமல் நகரமாட்டீர்கள். “கடுக்குது”, “குடையுது”, “சுண்டி இழுக்குது” என்று அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் வெவ்வேறு வலி என்று துரைக்கே புரியவைத்தீர்கள். விளங்காததை வணங்குவதும் விளங்கியதை அற்பமென்று எண்ணுவதும் நமக்கெல்லாம் ஊறிய பழக்கம். அதனால் ஓருயிர் போகவிருந்ததைக் கண்ணால் கண்டவர் தாங்கள்.

கண்டும் நாங்கள் திருந்தினோமா? புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரசர் சின்னையா இம்மடலை ஆறு பக்கம் எழுதி ஊழியர் கூட்டத்தில் படித்தார். எல்லோரும் தலையாட்டினோம். “என்னா சொல்லியிருக்கு, சொல்லுங்க பாப்போம்” என்றார் வார்டு ஆயா மீனாட்சி. எழுதியவரே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றே ஐந்து பக்கம் போயிற்று.

எஞ்சியதைச் சட்டமிட்டுத் தருகிறோம். மூன்றாம் வரிசையில் நூர் பீவியம்மாள், பதினைந்து ஆண்டு கூடுதலாக வாழ்ந்த முகத்தோடு அமர்ந்திருக்கிறார். அவருக்கும் விளங்கும்படி முடிக்கிறோம்:

அண்ணே, நல்லா இருங்க. ரொம்ப நாளு இருங்க. மறுபடியும் காலு வீங்குனா வீட்டுலயே கெடக்காம ஒடனே இங்க வந்துருங்க.

இப்ப நாங்க சொன்னத நீங்க சொல்லுங்க பாப்போம்.

இங்ஙனம்,
தங்களிடம் கேட்டுக் கேட்டுப் பேசக் கற்ற
மருத்துவமனை ஊழியர்கள்
பினாங்கு, 1934