முன்னறை நிலத்தைக் கிளப்பாதேங்கோ

இல்லைத் தம்பி, ரேடியேற்றர் ஒண்டும் ஒழுகேல்லை. எல்லாத்துக்கும் கீழ ரிஷ்யூப் பேப்பர் வைச்சுப் பாத்திட்டன். விடிய எழும்பிப் பாத்தா எல்லாம் காஞ்சபடி. பொயிலரில இருந்து வெளிச் சுவரால ஒரு செம்புப் பைப் நீட்டிக்கொண்டு நிக்குதே, அதின்ர வாயில சொப்பிங் பையைக் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டும் பாத்தன். ஒரு சொட்டு இல்லை. ஓம், நான்தான். வேற ஆர் இருக்கினம் இந்த வீட்டில? என்ர மனுசன் அருட்பிரகாசம் முன்னறையில படுத்த படுக்கை. மகள் கனடாவில.

விடிய எழும்பிப் பொயிலர் பிரஷரை ஒண்டரைக்கு ஏத்துவன். கீழ அந்தக் கறுப்புத் திருகியைத் திறந்தா தண்ணி சீறிக்கொண்டு போகும், ஊசி எழும்பும், பூட்டுவன். மத்தியானம் பாத்தா ஒண்டு. பின்னேரம் அரை. பிறகு பொயிலர் தன்பாட்டில நிண்டிடும். முந்தி ஒருக்கா ஏத்தினாப் போதும், இப்ப ஒரு நாளைக்கு மூண்டு தரம். கடைக்குப் போகவும் பயமாக் கிடக்கு. இந்தத் தை மாதக் குளிருக்கு ஹீற்றிங் நிண்டா அரை மணித்தியாலத்தில இவற்ற கை காலெல்லாம் ஐஸ். ரெண்டு போர்வை போத்தாலும் குளிருது குளிருது எண்டு முனகுவார்.

என்ன, பொயிலரில பிழை இல்லையோ? வீட்டுப் பைப்புக்குப் போற ரெண்டு வால்வையும் பூட்டிப்போட்டுப் பாத்தனீங்கள்தானே, ஊசி அசையேல்லை. ஓம், நானும் பக்கத்திலதான் நிண்டனான். அப்ப வீட்டுப் பைப்பிலயோ? ம். முன்னறை நிலத்துக்குக் கீழ ஓடுற பைப்பிலயோ. ஓ, உந்த மிஷின் காட்டுதோ, நிலம் அந்த இடத்தில சூடாக் கிடக்கெண்டு.

கிளப்பாம வேற வழி ஒண்டும் இல்லையோ? இல்லை, அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை அரக்க ஏலாது. ஆளைத் தூக்கி மேல கொண்டுபோகவும் ஏலாது. கார்ப்பெற்றும் புதுசு... சரி சரி, கார்ப்பெற்றை விடுங்கோ, அது சும்மா சொன்னனான். மகள் பிறின்சி ஒரு வீடியோ அனுப்பினவள், தண்ணிக்குள்ள ஏதோ மருந்து ஊத்தினா ஓட்டை அடைபடுமாம். சரிவராதோ? உந்த ஓட்டைக்குக் காணாதோ. பாருங்கோ, அதுவும் இல்லை. நான் என்னதான் செய்யிறது, சொல்லுங்கோ.

எங்க குனியிறியள்? அந்த மேசைக்குக் கிட்டப் போகாதேங்கோ. ஐயோ, மெல்லக் கதையுங்கோ. நித்திரை எண்டு நினையாதேங்கோ, கண் மூடியிருந்தாலும் அவருக்கு எல்லாம் கேக்கும். குசினிக்கு வாங்கோ. கதவைச் சாத்துங்கோ.

ஓம். கண்டிட்டியள். எனக்குத் தெரியும் தம்பி, முதலே தெரியும். ஒக்டோபரில எங்கட பங்குச் சனம் மாதா சொரூபத்தை வீடு வீடாக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லுறவை. இந்த முறை எங்கட வீட்டுக்கும் வந்தவ. நாப்பது சனம், பிள்ளையள் ஓடித்திரிவினம், மாதாவை விழுத்திப்போடுவினம் எண்டு இவர் சொரூபம் வைக்கிற அந்த மேசையை நிலத்தோட வைச்சு நாலு ஸ்குறூ ஆணி இறுக்கினவர். நல்ல நீட்டு ஆணி. அப்பவே ஆளுக்கு ஏலாது, ஒரு ஆணிக்கு ஒருக்கா இருந்து மூச்சு வாங்கினவர். நான் இறுக்கட்டோ எண்டு கேட்டன். விசர்க் கதை கதையாதை எண்டார். அடுத்த கிழமைதான் ஊசி விழத் தொடங்கினது. நான் என்ன மடைச்சியே, விளங்காமல் இருக்க?

பிறகு ஏன் கூப்பிட்டனீங்கள் எண்டு கேளுங்கோ, கேக்கத்தான் வேணும். கூப்பிடச் சொன்னது அவர். முப்பது வருசமா ஒரு பல்ப் மாத்தவும் வெளியாளை இந்த வீட்டுக்க விடாத மனுசன். கண் முழிச்சா முதல் கேள்வி, பிரஷர் எவ்வளவு? நான் ஒண்டரை எண்டுவன். நம்பமாட்டார். தன்னால ஏலாது, ஆரையும் கூப்பிடு எண்டு முந்தநாள் சொன்னார். அதுதான் உங்களைச் லண்டன்ர தெற்கு மூலை சட்டனில இருந்து வடக்கு மூலை எட்மண்டன் வரைக்கும் வரப்பண்ணினனான். போகேக்க அவரிட்ட ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ, பொயிலர் பழசு, அதிலதான் பிழை, சாமான் வரவேணும் எண்டு. தான் இறுக்கின ஆணியாலதான் தனக்குக் குளிருது எண்டு அந்த மனுசன் அறியக்கூடாது. பொய்தான். அந்தப் பாவம் என்னோட கிடக்கட்டும்.

எத்தினை நாளைக்கு இப்பிடி ஏத்திறதெண்டோ? நர்ஸ் பிள்ளை காலமை சொல்லிப்போட்டுப் போனவ, இவருக்கு இனி ரெண்டு நாளாம், கூடினா மூண்டாம். அதுவரைக்கும் நான் மணித்தியாலத்துக்கு ஒருக்கா வந்து ஏத்துவன். பிறகு வாங்கோ தம்பி, வந்து கிளப்புங்கோ. கட்டிலையும் கொண்டுபோயிடுவினம், உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது.