வளையத்தின் மேல் சந்தனம்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் மலையில் ஒரு துண்டு காய மூன்று நாள் ஆகும். கீழே நாமக்கல்லில் இருக்கிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கொடியில் போட்டது போட்டபடி ஈரமாகவே தொங்கும். உப்பு கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும், புதிதாக இறக்கிய இரும்பு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். பட்டறையில் இருக்கும் கட்டிங் வீலும் ஈரம் குடிக்கும் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த வாக்குமூலத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

மாதன் இறந்து இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பூபதி நல்ல மனிதர். நேற்று நான் போய் நின்றதும் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல ஏட்டய்யா எழுதிக்கொள்ளட்டும் என்றார். நானே எழுதுகிறேன் என்று காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறர் எழுதினால் தொழில் விவரத்தைத் தப்பும் தவறுமாக எழுதிவைப்பார்கள்.

என் பெயர் தனபால். சொந்த ஊர் மலையடிவாரம். செம்மேட்டில் வெல்டிங் பட்டறை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த மலையில் உள்ள பாதிக் கேட்டுகளும் ஜன்னல் கம்பிகளும் என் பட்டறையில் இருந்து போனவைதான். மாதன் இதே மலையில் ஆலத்தூர் நாட்டுக்காரன். அவன் வீட்டில் எல்லோரும் மிளகும் மரவள்ளியும் பார்க்கிறவர்கள். இவன் மட்டும் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, இருசாயியைக் கட்டிக்கொண்டு மலைக்கே திரும்பி வந்தான். என்னிடம் சேரும்போதே கைதேர்ந்தவன். பதினோரு வருடம் அவனை என் கூடப் பிறந்தவன் மாதிரிதான் வைத்திருந்தேன். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

வீலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சாதாரண வீல் அப்பளம் போல மெல்லியதாக, கறுப்பாக இருக்கும். கல்தூளைப் பிசினில் குழைத்து, உள்ளே நார்வலை வைத்து அழுத்திச் செய்வது. கையில் பிடிக்கிற மிஷினில் மாட்டிச் சுழலவிட்டால் இரும்பை வேகமாக வெட்டும். வெட்ட வெட்டத் தானும் தேய்ந்து சிறுத்துக்கொண்டே வரும். ஈரம் ஏறினாலோ, கீழே விழுந்து கீறல் விட்டாலோ, ஓடும்போதே வெடித்துச் சிதறும். அதற்கு ஆயுசும் உண்டு. நடுவில் உள்ள இரும்பு வளையத்தில் எந்த மாதம், எந்த வருடம் வரை என்று அச்சடித்திருப்பார்கள். டைமண்ட் வீல் வேறு சாதி. எஃகுத் தட்டின் விளிம்பில் வைரத்தூளைப் பதித்தது. சிறுக்காது, நமக்காது, கறுப்புத் தூசி பறக்காது, இப்படி வெடிக்காது. ஆனால் அதிலும் கல் வெட்டுகிற டைமண்ட் வேறு, இரும்பு வெட்டுகிற டைமண்ட் வேறு. இந்தக் கடைசி விவரம் போன ஆனி மாதம் வரை எனக்குத் தெரியாது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது.

மாதன் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். "ஏனுங்கண்ணா, நம்ம மலைக் குளிருக்கு இந்தக் கறுப்பு வீலு ஆகாதுங்க. பெரிய மிஷினுக்காச்சும் ஒரு டைமண்டு வாங்கிப் போடுங்க" என்பான். பார்க்கலாம் என்பேன். அவன் முணுமுணுக்காமல் வேலைக்குப் போய்விடுவான். அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனி மாதம் வாசலூர்பட்டியில் ஒரு வேலை வந்தது. படகுத்துறைக்கு எதிரே டூரிஸ்டுகள் தங்குவதற்குக் கார்த்தி என்பவர் குடில்கள் கட்டியிருந்தார். மாடிக்குக் கைப்பிடிக் கம்பி போட வேண்டும். குடில்களில் ஆட்கள் தங்கியிருந்ததால், வீல் கருகும் நாற்றமும் தூசியும் ஆகாது, டைமண்டில் வெட்ட முடியுமா என்று கேட்டார். நம்மிடம் இல்லாததா என்றேன். டைல்ஸ் வெட்டுவதற்காக எப்போதோ வாங்கிய டைமண்ட் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை மாட்டி, பத்துப் பேர் பார்க்கப் பைப்பின் மேல் வைத்தேன். பைப் சிவக்கச் சிவக்கக் காய்ந்ததே தவிர வெட்டுப்படவில்லை. நானும் விடாமல் அழுத்தினேன். வீல்தான் மழுங்கியது.

மாதன் மெதுவாக என் பக்கத்தில் வந்தான். "அண்ணா, அது கல்லு வெட்டற டைமண்டுங்க. இரும்புக்கு வேற இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, தன் பையில் இருந்து ஒன்றை எடுத்தான். அவன் சொந்தமாக வாங்கி வைத்திருந்தது. அதை மாட்டிப் பைப்பை நறுக்கென்று வெட்டினான். கார்த்தி சிரித்தார். தங்கியிருந்தவர்களும் சிரித்தார்கள். குளத்தங்கரையில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த அம்மாள்கூடச் சிரித்தது.

மறுநாள் செம்மேடு டீக்கடையில் என் பெயர் டைமண்ட் தனபால் ஆகிவிட்டது. அதற்கு மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர், "டைமண்டு, உள்ள ஏறி வாங்க" என்றார். என் மனைவி கோகிலா, "ஏனுங்க டைமண்டு, சோறு ஆறுது" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவமானமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் மேஸ்திரி என்று கூப்பிட்ட வாய்கள் எல்லாம் மூன்று நாளில் மாறிப்போயின.

மாதன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். "நாலு பேரு முன்னால சொல்லியிருக்கக் கூடாதுங்கண்ணா, தப்புத்தானுங்க" என்றான். அவன் கேலி செய்திருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். தப்பே செய்யாதவன் வந்து மன்னிப்புக் கேட்டால் நாம் என்ன செய்வது? பரவாயில்லை விடு என்றேன். எனக்குப் பொறாமை கிடையாது. அதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு வீல்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பெட்டியின் மேல் எழுதியிருப்பது, போனில் வரும் படங்கள், சேலத்துக் கடைக்காரர்கள் சொல்வது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். எந்த இரும்புக்கு எது, எந்த வேகத்துக்கு எது, எப்படி வைத்தால் கெடாது என்று தெரிந்துகொண்டேன். அலமாரியில் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, வீல்களை அதன் சூட்டிலேயே வைத்தேன். மூன்று மாதத்தில் இந்த மலையில் என்னைவிட விவரம் தெரிந்தவன் கிடையாது. ஆனால் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம், "மாதன் இருக்கறானுங்களா, ஒரு ரோசனை கேக்கோணும்" என்றுதான் வந்தார்கள். அவன் டைமண்ட் என்றால் டைமண்ட், சாதாரண வீல் என்றால் சாதாரண வீல். இத்தனைக்கும் அவன் சொன்ன பதில்கள் எல்லாம் என் நோட்டிலும் இருந்தன.

ஆயுதபூஜைக்கு எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மிஷின்களைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புது வீலைச் சாமி படத்தின் முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவோம். மறுநாள் காலையில் பூஜையில் வைத்த வீலில்தான் முதல் வெட்டு. அந்த வெட்டு மாதனுடையது. அவனிடம் எத்தனை டைமண்ட் இருந்தாலும் அன்றைக்குத் தொட மாட்டான். இதில் அவனுக்கு அப்படி ஒரு பக்தி. பெரிய மிஷினில் போடும் ஏழு இஞ்ச் வீலை அலமாரியில் இருந்து எடுத்துக்கொடுப்பது என் வேலை.

இந்த வருடம் நான் அலமாரியில் இருந்து எடுக்கவில்லை. கூரை ஒழுகும் மூலையில் ஒரு பழைய பெட்டி கிடந்தது. ஆயுசு முடிந்து இரண்டு வருடமான வீல்கள். அதில் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு கீறலோடு இருந்தது. அதைத் துடைத்துப் படத்தின் முன்னால் வைத்தேன். மற்ற வீல்களுக்கு மாதன் பொட்டு வைத்தான். இதற்கு நான் வைத்தேன். நடு வளையத்தைச் சுற்றிச் சந்தனத்தைத் தாராளமாகப் பூசி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். கீறலின் மேல் ஒரு பட்டை. இருசாயி பொரி கலந்துகொண்டிருந்தாள். "அண்ணன் இந்த வருசம் நல்லா அலங்காரம் பண்றாரு" என்றாள்.

மறுநாள் காலை பனி இறங்கியிருந்தது. மாதன் குளித்து, திருநீறு பூசி வந்தான். வீலை மாட்டும்போது மிஷினைச் சுற்றிப் பார்த்தான்.

"வீலை மூடற தகடு எங்கீங்கண்ணா?"

"பூஜைக்குக் கழுவி வெச்சனப்பா, இன்னும் காயல. ஒரு வெட்டுத்தான, சாமிய நெனச்சுப் போடு."

எங்கள் மலையில் அது ஒரு நியாயமான பதில். அவன் தலையாட்டிவிட்டு, வீலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நான் அலமாரியின் பக்கம் நகர்ந்துகொண்டேன். அந்த இடத்தை முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். வெடிக்கிற வீல் தான் சுற்றுகிற வாக்கிலேயே தெறிக்கும். பக்கவாட்டில் தள்ளி நிற்பவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இதுவும் பலருக்குத் தெரியாது. பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. வீல் துண்டு ஒன்று மாதன் கழுத்தில் பட்டிருந்தது. அவன் ஏதோ கேட்க வந்தவன் போல என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்கு நானே மடியில் கிடத்திக் கொண்டுபோனேன். என் வேட்டி சட்டையெல்லாம் நனைந்துபோயிற்று. போய்ச் சேர்வதற்கு முன்பே அவன் இல்லை.

வீல் தூள்தூளானாலும் நடு வளையம் மிஷினிலேயே மிஞ்சும். பூபதி அதைக் கழற்றி, சந்தனத்தைக் கைக்குட்டையால் துடைத்துத் தேதியைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். தெரிந்து செய்தாயா என்று அப்போதே கேட்பார் என்று நினைத்தேன். "இப்படித் தேதி போட்டிருப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா தனபாலு?" என்றார். பரிதாபமாகத்தான் கேட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். நான் அழுதேன், அது பொய்யில்லை. இருசாயி வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"அழுவாதீங்கண்ணா. நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? உங்களுக்கு வீலப் பத்தி என்னத்தத் தெரியும்? அவரே சொல்லுவாருங்க, எங்கண்ணனுக்கு மனசு தங்கம், வீலுதான் ஒண்ணுந் தெரியாதுன்னு."

அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்துவிட்டது. பத்து நாள் வேலை ஓடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. செத்தும் அவன்தான் விவரக்காரன். டீக்கடையிலும் அதே பேச்சு. பாவம், டைமண்ட் தனபாலுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். மனிதனுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. அது உறுத்தியதால்தான் நானாக வந்து இதை எழுதுகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

மேலே சொன்னதெல்லாம் நான் தெரிந்து செய்தது. என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். விபத்து அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், பட்டறை உரிமையாளருக்கு வீல்களைப் பற்றிப் போதிய அறிவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். நோட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள். இருசாயிக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் ஒரு தடவை வாசித்துக் காட்டினால் நல்லது.