மாடிவீட்டு உப்புத் தண்ணி

வீட்டுக்காரம்மா: …தண்ணிக்காக யாராவது வீட்டைக் காலி பண்ணுவாங்களா? இத்தனை வருஷம் இதே தண்ணியிலதானே குளிச்ச, சமைச்ச?

மாடிவீட்டுப் பெண்: முன்ன தெரியலம்மா. இப்ப முடி கொத்துக் கொத்தா கொட்டுது. எங்க வீட்டுக்காரருக்கு முதுகெல்லாம் அரிப்பு.

வீட்டுக்காரம்மா: அதுக்குத்தான் கையோட இவரைக் கூட்டிட்டு வந்தேன். தம்பி, குழாயில என்ன இருக்குன்னு இவ முன்னாடியே சொல்லுங்க.

பிளம்பர்: பார்த்தாலே தெரியுதேம்மா. ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சுப்போச்சு. குழாய் மூக்குல வெள்ளையாப் பொருக்கு. சுரண்டினாலும் வராது.

மாடிவீட்டுப் பெண்: அதான் சொல்றேன். சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர் சட்டையெல்லாம் விறைச்சு அட்டை மாதிரி நிக்குது.

பிளம்பர்: இருங்கக்கா, கண்ணால பார்த்து மட்டும் சொல்லக் கூடாது. இந்தக் குப்பியில கொஞ்சம் தண்ணி பிடிங்க. மருந்தைச் சொட்டுச் சொட்டா விடுவேன். முதல்ல சிவப்பாகுற தண்ணி அப்புறம் நீலமாகணும். சீக்கிரம் ஆனா நல்ல தண்ணி.

வீட்டுக்காரம்மா: …ஆகலையே.

பிளம்பர்: விட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்… இன்னும் சிவப்புதான்…

வீட்டுக்காரம்மா: உங்க மருந்து பாட்டில் காலியாயிடும் போலிருக்கே.

பிளம்பர்: …ஆங், இப்ப நீலம். உப்புத் தண்ணிதாம்மா. நல்லாவே உப்பு.

மாடிவீட்டுப் பெண்: பார்த்தீங்களா… நான் ஒண்ணும் பொய் சொல்லல.

வீட்டுக்காரம்மா: பொய்னு யாரு சொன்னா? சரி தம்பி, இதுக்கு மெஷின் இருக்குன்னீங்களே.

பிளம்பர்: டேங்குல இருந்து இறங்குற பைப்ல மாட்டினா போதும். மேல, கீழ ரெண்டு வீட்டுக்கும் ஆகும். அப்பப்ப உப்பு மட்டும் வாங்கிப் போடணும்.

வீட்டுக்காரம்மா: உப்புத் தண்ணிக்கு உப்பே போடணுமா? நல்லா இருக்கே கதை.

பிளம்பர்: எல்லாரும் இதையேதாம்மா கேக்குறாங்க. அந்த உப்பு மெஷினைக் கழுவறதுக்கு.

வீட்டுக்காரம்மா: எதையோ போடுங்க. இன்னிக்கே மாட்டிடுங்க.

மாடிவீட்டுப் பெண்: வேணாம்மா. நாங்க வேற வீடு பேசி முடிச்சாச்சு.

வீட்டுக்காரம்மா: பேசி முடிச்சாச்சா… எங்க?

மாடிவீட்டுப் பெண்: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. பேக்கரி மாடி.

பிளம்பர்: பேக்கரி மாடியா? பச்சைக் கேட்டு போட்டிருக்குமே, அதுவா?

மாடிவீட்டுப் பெண்: …ஆமா.

பிளம்பர்: அக்கா, போன வாரம்தான் அங்க ஹீட்டரைக் கழட்டினேன். உள்ள கம்பியே தெரியல. ஒரே கல்லு. சுத்தியலால தட்டித்தான் எடுத்தேன். அதுக்கு முன்னாடி இந்தத் தண்ணி பன்னீர், அக்கா.

மாடிவீட்டுப் பெண்: …அவங்க சொல்லவே இல்ல.

வீட்டுக்காரம்மா: அதாவது, இங்க சோப்பு நுரைக்கலன்னு அங்க கல்லுல குளிக்கப் போற.

பிளம்பர்: நான்… டேங்கைப் பார்த்துட்டு வரேம்மா. பைப் அளவு எடுக்கணும்.

வீட்டுக்காரம்மா: போங்க தம்பி. ஏணி கொஞ்சம் ஆடும், பார்த்து ஏறுங்க.

மாடிவீட்டுப் பெண்: டீ போடட்டுமா?

வீட்டுக்காரம்மா: டீ இருக்கட்டும். அவர் போயாச்சு, இப்ப சொல்லு. நான் ஏதாவது சுருக்குன்னு பேசிட்டேனா? மோட்டாரை அணைக்க மறந்ததுக்கு அன்னிக்குக் கத்தினேனே…

மாடிவீட்டுப் பெண்: ஐயோ, அதெல்லாம் யாரு மனசுல வச்சிருக்கா.

வீட்டுக்காரம்மா: அப்ப உன் வீட்டுக்காரருக்குப் பிடிக்கலையா?

மாடிவீட்டுப் பெண்: அவருக்குப் போகவே மனசில்ல. ரெண்டு நாளா எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல.

வீட்டுக்காரம்மா: உனக்கு?

மாடிவீட்டுப் பெண்: எனக்கு மட்டும்… என்னம்மா, இப்படிக் கேக்குறீங்க.

வீட்டுக்காரம்மா: சரி, சரி. கண்ணைத் துடை. பிடிச்ச வீட்டை விட்டு எதுக்குப் போகணும்?

மாடிவீட்டுப் பெண்: உங்களுக்கு அதைக் கேக்க வாய் வராதும்மா. அதான் நாங்களே போயிடலாம்னு… தண்ணி மேல பழியைப் போட்டா உங்களுக்கும் சங்கடமில்லாம இருக்கும்னு நினைச்சேன்.

வீட்டுக்காரம்மா: எதைக் கேக்க வாய் வராது?

மாடிவீட்டுப் பெண்: அன்னிக்கு மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்தேன். டேங்குக்கு அந்தப் பக்கம் நின்னு நீங்க உங்க மககிட்ட போன்ல பேசிட்டிருந்தீங்க.

வீட்டுக்காரம்மா: …கேட்டுட்டியா.

மாடிவீட்டுப் பெண்: ஒட்டுக் கேக்கலம்மா. காதுல விழுந்துச்சு. ‘இன்னொரு தடவை அவன் கை ஓங்குற வரைக்கும் அங்க இருக்காதே, குழந்தையைத் தூக்கிட்டு வந்துடு’ன்னீங்க.

வீட்டுக்காரம்மா: யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிருந்தேன். உங்கிட்ட சொல்லணும்னு எத்தனையோ தடவை படியேறி வந்தேன்… சொல்ல வெக்கமா இருந்துச்சு. வேற என்ன கேட்ட?

மாடிவீட்டுப் பெண்: ‘கீழ இருக்கறது ஒரே ரூம். மேல அவங்க இருக்காங்களே’ன்னீங்க. அப்புறம் அழுதுட்டீங்க. என்னால அங்க நிக்க முடியல, துணியைக்கூட எடுக்காம இறங்கிட்டேன். கைக்குழந்தையோட வர்றவங்களுக்கு இடமில்லாம நாங்க மேல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு… எப்படிம்மா தூக்கம் வரும்?

வீட்டுக்காரம்மா: அடிப் பைத்தியமே, அழுது முடிச்சு, நீ இறங்கினப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னேன். ‘ஒரே ரூம்னா என்ன, நீயும் குழந்தையும் எம்பக்கத்துல படுத்துக்கோங்க. அவன் தேடி வந்து வாசல்ல நின்னு கத்தினா தனியா நான் என்ன செய்வேன்? மேல அவங்க இருக்காங்களே, அந்தத் தைரியத்துலதான் உன்னை வரச் சொல்றேன்’னு.