தெருவின் ஃபியூஸ் பிடுங்கப்பட்டது குறித்துத் தையல்காரப் பெண் சொன்னது

என் பெயரும் முகவரியும் நான் காட்டிய அடையாள அட்டையில் உள்ளபடி. வயது நாற்பத்து மூன்று. தொழில் தையல். வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறேன். பின்னறையில் நானும் என் கணவரும் அவருடைய தம்பியும் குடியிருக்கிறோம். தெருமுனை மின்பெட்டியின் பூட்டை உடைத்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியதாக மின்வாரியத்தார் புகார் கொடுத்திருப்பது மேற்படி என் கொழுந்தன் மீதுதான். எதற்கும் பொறுக்க மாட்டார் என்பதால் தெருவில் அவரை ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை யாரும் மிரட்டியோ கெஞ்சியோ இதைச் சொல்ல வைக்கவில்லை.

எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் முன்பக்கம் தொழில், பின்பக்கம் குடித்தனம். இஸ்திரி போடுகிறவர், சாவி வெட்டுகிறவர், கடைசி வீட்டில் அச்சகக்காரர். எனக்கு ஒட்டுச் சுவரில் தச்சர் வீடு. மரத்தூள் நெஞ்சில் படிந்து அவருக்கு மூச்சு சரியில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்று அவர் கட்டிலருகே பகலும் இரவும் ஓடும். அதன் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டேதான் தைப்பேன்.

நகரசபையிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. எந்தத் தெரு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து வரைபடம் போடப் போவதாகவும், எந்த இடம் குடியிருப்பு, எந்த இடம் தொழிலுக்கு என்று அதை வைத்துப் பிரிக்கப் போவதாகவும் அதில் இருந்தது. அதன் பிறகு, அதிகம் இழுக்கிற தெருவைப் பட்டறைப் பகுதியாக்கி வீடுகளைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியாது. ஆகவே அளக்க வருகிற அன்று காலை யாரும் தொழில் மிஷினை ஓட்டுவதில்லை, மின்விசிறியும் தச்சரின் மிஷினும் மட்டும் ஓடலாம் என்று தெருவில் கூடிப் பேசி முடிவு செய்தோம். நானும் சரி என்றேன்.

குறித்த நாளில் அளக்கிற பெண் ஒரு வேனில் வந்து, மீட்டர் பக்கத்து ஒயரில் இடுக்கி போன்ற கருவியை மாட்டி வீடு வீடாகக் குறித்துக்கொண்டு வந்தார். தெரு மழை விட்ட மாதிரி அமைதியாக இருந்தது. அச்சகம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகை, சாயந்திரம் கொடுத்தாக வேண்டும் என்றாராம் அச்சகக்காரர். என் கொழுந்தன் இரண்டு தடவை போய்ச் சொல்லிப் பார்த்தார். அதன் பிறகு வேகமாகத் தெருமுனைக்குப் போனதைப் பார்த்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

சற்று நேரத்தில் அச்சகம் நின்றது. என் மின்விசிறியும் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தமும் நின்றது. நான் ஓடினேன். தச்சர் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார், உதடு நீலம் பாய்ந்திருந்தது. மாற்றுக்கு வைத்திருந்த சிலிண்டர் நிரப்பக் கொடுத்து இன்னும் வரவில்லை. அவர் மனைவி முறத்தால் விசிறிக்கொண்டு, “என்னைப் பாருங்க, என்னையே பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வாசலுக்கு வந்து கத்தினேன். அளக்கிற பெண் கருவியைப் போட்டுவிட்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். வேனை வாசலை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, அதிலிருந்த பேட்டரிப் பெட்டியிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து மிஷினை ஓட வைத்தார். தச்சரின் உதட்டில் மெல்ல மெல்ல நிறம் வந்தது.

அந்த நேரம் என் கொழுந்தன் ஃபியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். பிடுங்கும்போது அது விரிசல் விட்டுப்போனதால் திரும்பப் போட முடியவில்லை. “அண்ணி, தச்சர் அண்ணன் மிஷின் எனக்கு நினைவே வரல” என்றார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மின்வாரிய ஆள் வரும்வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை, வந்ததும் தான்தான் பிடுங்கியது என்று அவரே சொன்னார்.

அதன் பிறகு அளக்கிற பெண்ணிடம், தெருவே பேசிவைத்து மிஷின்களை நிறுத்தியது முதல் எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அக்கா, உங்க தெருவுல தொழிலே நடக்கலைன்னுதான் ஆபீஸ்ல ஏற்கெனவே எழுதி வச்சிருக்காங்க. நான் இப்போ அளந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தா, இங்கே தொழிலே கூடாதுன்னு முடிச்சிருப்பாங்க. ஓட்டினாத்தானே உங்களுக்கு இங்கே தொழில் வேணும்னு நான் சொல்ல முடியும்?”

மின்சாரம் வந்ததும் எல்லாரும் எல்லாவற்றையும் ஓட்டினோம். இஸ்திரிக்காரர் ஒரு பெட்டி போதாதென்று பழைய பெட்டியையும் சூடேற்றினார். அந்தப் பெண் சிரித்து, வழக்கமாக ஓட்டுவது மட்டும் போதும் என்று அணைக்கச் சொல்லிவிட்டு, முதல் வீட்டிலிருந்து மறுபடி அளந்தார். அச்சகக்காரர், “நான் அப்பவே ஓட்டினேனே” என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் நகரசபைக் கூட்டத்தில் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்கள். குறைவாக இழுக்கிற தெரு வெளிர் மஞ்சள், அதிகம் இழுப்பது சிவப்பு. எங்கள் தெரு நல்ல சிவப்பு. குடியிருப்பும் தொழிலும் சேர்ந்து இருக்கலாம் என்று முடிவாகிவிட்டது, பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் வருகிறது. தச்சர் வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். தச்சரைச் சக்கர நாற்காலியில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு வந்தது என் கொழுந்தன்தான், சிலிண்டரும் அவர் தோளில்தான் இருந்தது. தச்சர் வரைபடத்தில் தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தார். “இந்தச் செவப்புல கொஞ்சம் என் மூச்சு” என்றார். தெருக்காரர்கள் எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

கொழுந்தன் செய்தது தப்புதான். அவரை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பார்த்ததைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள், சொல்லிவிட்டேன். தச்சரும் வந்து சொல்வதாக இருக்கிறார், படி ஏற முடியாது என்பதால் கீழே ஒரு நாற்காலி போட்டு வைக்கவும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை அதிகாரி உரக்க வாசிக்கக் கேட்டேன். ஒரு இடத்தில் கொழுந்தன் ‘ஓடிவிட்டார்’ என்று இருந்தது. ‘ஓடி வந்தார்’ என்று திருத்தச் சொன்னேன். திருத்தப்பட்டது. மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(கையொப்பம்)