தோமோயேயின் மூக்கு

தோமோயே: ...சும்மா சொல்லக் கூடாதுங்க, மாட்சுதாகே காளான்னா மாட்சுதாகேதான்! வாசனைக்கே சோறு இறங்குது.

யசுவோ: அப்படியா? இன்னும் ரெண்டு கரண்டி வெச்சுக்கோ. நான் சமைச்சதை நீ புகழுறது அதிசயம்.

தோமோயே: போதும். நாளைக்கு நம்ம கடைக்கு இந்த சீசனோட முதல் தேயிலை வறுக்கணும். வயிறு லேசா இருக்கணும்.

யசுவோ: அதான்... தம்பி ரியோஜி கேட்டான். இந்த வருஷம் அவன் வந்து வறுக்கட்டுமான்னு...

தோமோயே: உங்க தம்பியா? எதுக்கு? இருபத்தாறு வருஷமா என் மூக்கு சொல்லித்தான் அந்தச் சட்டி இறங்குது!

யசுவோ: ஒரு நொடி தப்பினாலும் இலை கருகிடும்னு நீதானே சொல்வே. வசந்தத்துல வந்த காய்ச்சலுக்கு அப்புறம் நீ கொஞ்சம்...

தோமோயே: கொஞ்சம்?

யசுவோ: ஒண்ணுமில்ல. ஜன்னலைத் திறக்கவா? மலையே செக்கச்செவேல்னு இருக்கு.

தோமோயே: திறங்க... அப்பப்பா! காத்து கன்னத்தைக் கிள்ளுது. சருகு எப்படி மொறுமொறுன்னு ஓடுது பாருங்க!

யசுவோ: சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டி வருது. வாசனை வருதா?

தோமோயே: ம்... நல்லாவே வருதே!

யசுவோ: வண்டி இன்னும் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. வண்டிக்காரன் பாட்டு மட்டும்தான் கேக்குது.

தோமோயே: ...என்ன, போலீஸ் விசாரணையா? போய் கிழங்கு வாங்கிட்டு வாங்க!

யசுவோ: போறேன், போறேன்...

தோமோயே: வெண்ணெயும் தீர்ந்துபோச்சு!

யசுவோ: ...வந்துட்டேன். இந்தா, கை சுடும், பாத்து.

தோமோயே: நில்லுங்க! அங்கேயே நில்லுங்க!

யசுவோ: ஏன்?

தோமோயே: என்ன கருமம் இது? ஊசிப்போன வெண்ணெய் மாதிரி... மூக்கையே துளைக்குது! கோயில் வாசல் கிங்கோ மரத்தடியில அந்த நாத்தப் பழத்தை மிதிச்சீங்களா?

யசுவோ: செருப்பு வாசல்ல கிடக்கு. நீ அடுப்படியில இருக்கே. அங்க வரைக்குமா நாறுது?

தோமோயே: நாறுதாவா? தாங்கல!

யசுவோ: இன்னொரு தடவை சொல்லு.

தோமோயே: நாறுது... நாறுதுங்க! ஐயோ... அந்தக் கிழங்கைக் கொடுங்க. தோல் கருகின வாசனை... உள்ள பாகு மாதிரி... உங்க சட்டையில சோப்பு வாசனை...

யசுவோ: அழாதே. கிழங்கு உப்புக் கரிக்கும்.

தோமோயே: உங்க தம்பியை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. நாளைக்குச் சட்டி என்னுது! இந்தத் தெரு முழுக்க மணக்க வைக்கிறேன்!

யசுவோ: வேண்டாம்னு காலையிலயே சொல்லிட்டேன்.

தோமோயே: காலையிலயேவா? ...நான் ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. ஆறு மாசமா எனக்கு ஒரு வாசனையும் தெரியல.

யசுவோ: தெரியும். சோத்துல மாட்சுதாகேயே போடல. கடையில கிடைக்கிற வெறும் காளான்.

தோமோயே: அடப்பாவி மனுஷா! அப்போ... அந்தப் பழம்?

யசுவோ: உன் மூக்கு எப்போ முழிக்கும்னு பாக்க, ஒரு வாரமா தினமும் தேடிப் போய் மிதிச்சுட்டுத்தான் வர்றேன். பக்கத்து வீட்டுக்காரங்க எனக்கு வணக்கம் சொல்றதையே நிறுத்திட்டாங்க.