நாற்றம் இல்லாத வீடு

உப்புத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. தீவுப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு துணியை மூன்று தரம் தோய்த்தாலும் ஊத்தை முழுதாகப் போகாது. காய்ந்தபின் கருவாடு மாதிரி விறைத்து நிற்கும். பவுசர் வண்டியில் வருகிற நல்ல தண்ணீரில் கடைசியாக ஒருமுறை அலசி எடுத்தால்தான் அது பிள்ளையின் உடம்பில் படக்கூடிய துணியாகும்.

ஐயா, அந்தப் பிள்ளை எப்படிச் செத்தது என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல நான் இங்கேயிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற முறையில் உங்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும். ஆனாலும் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றபோது சம்மதித்தீர்கள். பொலிஸ் நிலையத்தில் எழுத வந்த தம்பிக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. அவருடைய மேசையிலும் தேத்தண்ணி ஊற்றுண்டு பிசுபிசுவென்றிருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு என்னால் ஒழுங்காகப் பேச முடியவில்லை.

என் பெயர் மேரிஜோசப்பின். வயது நாற்பத்தெட்டு. கலியாணம் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் பதினாறு வருடம் நோயாளர் பராமரிப்பு வேலை செய்து, தொண்ணூற்றாறில் என் ஊரான நாரந்தனைக்குத் திரும்பி வந்தேன். சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்று தையில், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமொன்று இங்கே பகல்நேரப் பராமரிப்பு வீடு ஒன்றைத் திறந்தது. கனடாவுக்குப் போன ஒரு குடும்பத்தின் பெரிய கல்வீடு அது. காலை ஏழரைக்குப் பிள்ளைகளை நிறுவனத்தின் வாகனத்திலோ கையிலோ கொண்டுவந்து விடுவார்கள். பின்னேரம் மூன்றுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆறு பிள்ளைகள். யாருக்கும் நடக்க ஏலாது. தனுஜனுக்கு நெஞ்சுச் சளியை மெசினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கஜனிக்கு ஒரு நாளைக்கு நாலைந்து தரம் வலிப்பு வரும். மேரிசுகந்திக்கு வாயால் விழுங்க வராது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற மெல்லிய குழாயில்தான் பாலும் தண்ணீரும் விட வேண்டும்.

சுகந்தியின் தாய் மாக்கிறேற் இறங்குதுறையில் வலையிலிருந்து மீன் கழற்றுகிறவள். புருஷன் அன்ரனிதாஸ் விடிய முதல் கடலுக்குப் போய்விடுவான். எங்கள் வீடு திறக்கும்வரை அவள் பிள்ளையை ஒரு மீன்பெட்டிக்குள் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, வெயில் படாமல் பழைய வலையைப் போட்டு மூடிவிட்டு வேலை செய்தாள். முதல் நாள் பிள்ளையை என்னிடம் தந்தபோது அதன் தலைமயிருக்குள் மீன்செதிள் ஒட்டியிருந்தது. நான் அன்றைக்கே மூன்று தரம் அந்தத் தலையைக் கழுவினேன்.

எனக்கு அருவருப்பு அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கழுத்து மடிப்புக்குள் காய்ந்து புளித்த பால், உறிஞ்சு போத்தலில் பச்சையாகத் தேங்குகிற சளி, நூல்போல இறங்கி என் மணிக்கட்டில் ஒட்டுகிற எச்சில், துணியைத் தாண்டி முதுகுவரைக்கும் ஏறியிருக்கிற மலம், இவை பதினாறு வருடத்திலும் எனக்குப் பழகவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு செய்வேன். அப்படியென்றால் ஏன் அந்த வேலைக்குப் போனாய் என்று நீங்கள் கேட்டீர்கள். ஊரில் என்னைவிடச் சுத்தமாகச் செய்யக்கூடியவர் ஒருவரும் இருக்கவில்லை. அதுதான் காரணம். நான் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. ஏசியதுமில்லை. இதை எல்லாத் தாய்மாரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு உதவிக்கு ஞானசவுந்தரி என்றொரு பெண் இருந்தாள். விதவை, என்னைவிட ஆறேழு வயது இளமை. கை சுறுசுறுப்பு, ஆனால் முகர்வு இல்லாதவள். மலத்துணியை அவிழ்த்துக்கொண்டே பிள்ளையோடு கொஞ்சிக் கதைப்பாள். எனக்கு அதைப் பார்க்க ஏலாது.

முதல் மாதங்களில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஐந்து துணி மாற்றினோம். பின்வளவில் கொடி நிறையத் துணி. எவ்வளவு கழுவினாலும் வீட்டுக்குள் ஒரு மணம் நின்றது. வருகிற ஆட்கள் வாசலில் நின்றே கதைத்துவிட்டுப் போனார்கள். பாதிரியார் ஒருவர் பிள்ளைகளை ஆசீர்வதிக்க வந்து கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு செபம் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. பிள்ளைகளுக்காகவும்தான்.

அந்த வருடம் ஆவணியில் ஒருநாள் பவுசர் வரவில்லை. இருந்த தண்ணீர் குறைவு. பாலைப் பாதியாக்கி, தண்ணீரை நிறுத்தி வைத்தேன். வேறு வழி இருக்கவில்லை. அன்றைக்கு ஆறு பிள்ளைக்கும் சேர்த்து ஏழு துணிதான் நனைந்தது. பத்து மணிவரைக்கும் சிணுங்கினார்கள். அதற்குப் பிறகு அடங்கிவிட்டார்கள். மத்தியானம் வீடு முழுக்க அமைதி. நிலத்தைக் கழுவி டெற்றோல் போட்டபின் நான் நடு அறையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டுக்குள் இருந்து சோறு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் பவுசர் வந்தது. மூன்று தண்ணீர்ப் பீப்பாயும் நிரம்பியது. ஆனால் நான் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

இதை ஒரே நாளில் தீர்மானித்தேன் என்று சொல்ல மாட்டேன். முதலில் பத்து மணித் தண்ணீரை நிறுத்தினேன். பிறகு பன்னிரண்டு மணித் தண்ணீரை. பாலைப் பாதியிலேயே வைத்துக்கொண்டேன். வீட்டில் தாய்மார் கொடுப்பார்கள்தானே, ஏழரை மணித்தியாலம் ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். ஒரு தவக்காலத்தில் நாங்கள் இதைவிடக் கூடுதல் நேரம் பட்டினி இருப்போம். பிறகு சில பிள்ளைகள் வரும்போதே நனைத்துக்கொண்டு வருவதைக் கண்டு, தாய்மாரிடம் ஒரு சொல் சொன்னேன்.

"விடிய கனக்கக் குடுத்து அனுப்பாதேங்கோ. வாகனத்தில சத்தி எடுத்தால் நெஞ்சுக்குள்ள போயிடும், பிறகு நிமோனியாதான்."

அது முழுப் பொய்யில்லை. அப்படியும் நடக்கலாம். அவர்கள் என்னை நம்பினார்கள். பால் கொடுத்த நேரமும் அளவும் எழுதுகிற அட்டவணை சுவரில் தொங்கியது. அதில் ஒவ்வொரு நாளும் முழு அளவைத்தான் எழுதினேன். என் கையெழுத்து வடிவானது. வந்தவர்கள் அதையும் பாராட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் நடு அறைக்கு வந்து நின்று, இப்படிப்பட்ட இடத்தில் மணமே இல்லையே என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாள். அன்றைக்கு நான் சந்தோசமாக இருந்தேன். அதை மறைக்கத் தேவையில்லை.

பிள்ளைகள் மெலிந்தார்கள். நிறுக்க வந்த மருத்துவிச்சியிடம், இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே கொழுக்கிறது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். சுகந்திக்கு ஏழு வயதில் பத்துக் கிலோ. அவளுடைய உதடு வெடித்தது. நான் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன். அவளுக்குச் சத்தம் போட்டு அழ வராது. ஆனால் கண்ணால் பின்தொடர்வாள். அறைக்குள் யாராவது செம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அவளுடைய கண் அந்தச் செம்போடு வாசல்வரைக்கும் போகும். நான் செம்புக்குத் துணி போட்டு மூடப் பழகினேன்.

ஞானசவுந்தரிக்கு அது பிடிக்கவில்லை.

"அக்கா, பிள்ளை தண்ணியைத்தான் பாக்குது. ஒரு மிடறு குழாயில விடுவம்."

"நேரம் ஆகேல்லை. நீர் உம்மட வேலையைப் பாரும்."

"பீப்பா நிறையக் கிடக்கே அக்கா."

"அது கழுவுற தண்ணி."

பங்குனி மாதத்தில் நான் குசினியிலிருந்து வந்தபோது, அவள் கஜனியின் வாய்க்குள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிள்ளை அந்தத் துணியைக் கடித்து உறிஞ்சிய சத்தம் நாய்க்குட்டி பால் குடிக்கிற சத்தம் மாதிரி இருந்தது. ஞானசவுந்தரியை நான் ஏசவில்லை. அவளுக்கு ஒரு வறட்டு இருமல் இருந்தது. நெஞ்சு பலவீனமான பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அப்படி இருமுகிற ஆளை வைத்திருக்க ஏலாது என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒரு கிழமைக்குள் அவளை நிறுத்திவிட்டார்கள். படலையில் நின்று, "சிலுவையில தொங்கினவருக்கே காடியாவது குடுத்தவங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். புதிதாக ஒருவரும் வேண்டாம், நானே சமாளிப்பேன் என்று எழுதினேன். பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக இருந்ததால் அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இனி அந்த வைகாசிப் புதன்கிழமை. இரண்டாயிரத்து நாலு. காற்று விழுந்து கிடந்த நாள். ஓடு கொதித்தது. மாக்கிறேற் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"அக்கா, நேற்றுத் துவங்கி உடம்பு காயுது. பின்னேரத்துக்குப் பிறகு பிள்ளை மூத்திரமும் பெய்யேல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டோ?"

நான் தொட்டுப் பார்த்தேன். தோல் சுட்டது. கண் உள்ளே இறங்கியிருந்தது. பதினாறு வருட அனுபவத்தில் அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் அது பொய்.

"வெக்கைக்கு அப்பிடித்தான். எல்லாம் வேர்வையாப் போயிடும். நீர் வேலைக்குப் போம், நான் பாத்துக்கொள்ளுறன்."

அவள் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குப் பதினொரு மணிக்கு நிறுவனத்துக்காரர் புது ஆட்களோடு வருவதாக இருந்தது. நான் சுகந்திக்கு வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசினேன். வருகிற நேரத்தில் வாந்தியெடுத்துவிடக்கூடாது என்று பாலையும் விடவில்லை. அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். ஒரு பெண் குனிந்து அவளுடைய கன்னத்தைத் தடவி, என்ன சாந்தமான பிள்ளை என்றாள். மூச்சு வேகமாக இருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. படம் எடுத்தார்கள். அந்தப் படம் உங்களிடம் இருக்கிறது, நானும் பார்த்தேன். சட்டையில் ஒரு கறை இல்லை.

பன்னிரண்டரைக்கு அவர்கள் போனார்கள். நான் திரும்பி வந்தபோது சுகந்தியின் கண் செருகியிருந்தது. கை கால் குளிர்ந்திருந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. கீழே கொஞ்சம் கறுப்பாக மலம் போயிருந்தாள். அந்த மணம் எழும்பிவிட்டது. வாசலில் பிள்ளைகளை ஏற்றுகிற வாகனம் நின்றது. சாரதி குருசுமுத்து வேப்பமர நிழலில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். வைத்தியசாலைக்கு அவருடைய வாகனத்தில் கால் மணித்தியாலம்.

நான் அவரைக் கூப்பிடவில்லை. முதலில் பிள்ளையைக் கழுவினேன். அந்த நிலையில் ஒரு பிள்ளையை வைத்தியர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பீப்பாயிலிருந்து மூன்று வாளி நல்ல தண்ணீர் எடுத்தேன். ஊற்றும்போது அவளுடைய உதடு அசைந்தது. நாக்கு வெளியே வந்து, கன்னத்தில் வழிந்த தண்ணீரைத் தேடியது. நான் முகத்தைத் துடைத்துவிட்டேன். துவட்டி, வேறு சட்டை போட்டு, தலை வாரி, விரிப்பையும் மாற்றி முடிக்க நாற்பது நிமிடம் சென்றது. கழுவி முடியும்வரைக்கும் மூச்சு இருந்தது. தலை வாரும்போது நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் குருசுமுத்துவைக் கூப்பிட்டேன்.

மாக்கிறேற் கையெல்லாம் மீன்செதிளோடு வைத்தியசாலைக்கு ஓடி வந்தாள். கத்தவில்லை. பிள்ளையின் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள்.

"நாக்கு தும்பு மாதிரிக் கிடக்கு," என்றாள். "அக்கா, என்ர பிள்ளைக்கு நீங்கள் தண்ணி குடுக்கேல்லையோ?"

வைத்தியர் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டார். அது மடிந்தபடி நின்றது. பவுசர் வரவில்லை, தண்ணீர்த் தட்டுப்பாடு என்று நான் சொன்னேன். அது பொய் என்பதை நீங்கள் அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய்க் கண்டுகொண்டீர்கள். இரண்டு பீப்பாய் விளிம்புவரை நிரம்பியிருந்தது. மூன்றாவதிலிருந்துதான் நான் எடுத்திருந்தேன். ஞானசவுந்தரி உங்களிடம் சொன்னவையும் உண்மை. அவளுடைய இருமல் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆகவே எழுதுகிறேன். மேரிசுகந்தி தண்ணீர் இல்லாமல் செத்தாள். தண்ணீர் இருந்தது. கொடுக்காமல் விட்டது நான். ஒன்பது மாதம், தெரிந்து, ஒவ்வொரு நாளும். என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை.

மற்ற ஐந்து பிள்ளைகளையும் வைத்தியசாலையில் வைத்திருப்பதாக நேற்று நீங்கள் சொன்னீர்கள். எல்லோரும் நிறை கூடுகிறார்களாம். கேட்கச் சந்தோசம். கஜனி முதல் நாள் மூன்று கோப்பை தண்ணீரை நிறுத்தாமல் குடித்துவிட்டு, தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கேட்டாளாம். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் தளதளத்தது. நான் குனிந்துகொண்டேன். நான் அழுகிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உண்மையைச் சொன்னால், மூன்று கோப்பை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கஜனி படுத்திருக்கும் கட்டிலின் படுக்கைவிரிப்புத்தான்.